விசில் வீட்டுக்கு வந்த குளிர்காலம்

அம்மா ஓய்வு பெற்ற நாளில் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு அப்பாவையும் என்னையும் நிற்க வைத்துச் சொன்னாள்:

"இத்தோட சரி. ஊர்ப்பட்ட மூத்திரத்த அள்ளியாச்சு. இனிமே இந்தக் கை யாரோடதையும் தொடைக்காது."

முப்பத்தொரு வருடம் அவள் வார்டு ஆயாவாக இருந்தாள். ஏழாம் வார்டு, ஆண்களுக்கான அறுவை சிகிச்சை வார்டு. இருபத்து நாலு கட்டில். ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'ஏழாம் நம்பர்' என்றுதான் பெயர். எந்த நோயாளிக்கு எப்போது மூத்திரப் பாத்திரம் வேண்டும் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாளாம். "வாய் விட்டுக் கேக்கற வரைக்கும் காத்திருந்தா அது கேக்கறது இல்லடீ, கெஞ்சறது" என்பாள். கடைத்தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் அம்மாவுக்கு ஆள் பெயர் நினைவு வராது. அவர் தாண்டிப் போன பிறகு, "பதினெட்டாம் கட்டில். குடலிறக்கம்" என்று என் காதில் சொல்வாள்.

அவளுடைய சபதம் சரியாக ஐந்து வாரம் தாங்கியது.

அப்பா பஸ் கண்டக்டர். அம்மாவுக்கு இரண்டு வருடம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் கண்டக்டர் வேலை அவரை விட்டுப் போகவில்லை. சமையலறையில் அம்மாவும் நானும் சேர்ந்து நின்றால் "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு பாருங்க" என்பார். தினமும் சவரம், இஸ்திரி போட்ட கால்சட்டை, மடிப்புக் கலையாத சட்டை. வெளியே போகாத நாளிலும் அப்படித்தான். இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் மலையூருக்கு அந்த வருடம் குளிர் கொஞ்சம் முன்னதாகவே வந்தது. காலையில் கொல்லைப்புறச் சிமெண்டுத் தரை உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி போல ஆடை கட்டியிருக்கும். கொடியில் மறந்துபோன துணியை எடுத்தால் பலகை மாதிரி நிமிர்ந்து நிற்கும். அப்படி ஒரு நாளில், ஏதோ கையெழுத்துப் போட டிப்போவுக்குப் போன அப்பா, கோட்டுக்குள் ஒரு நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"டயர் அடுக்குக்குக் கீழ அஞ்சு குட்டி போட்டிருக்கு. நாலுக்கு ஆள் வந்துட்டாங்களாம். இது ஒண்ணு வெறைச்சுப்போய்க் கெடந்துச்சு" என்றார். பிறகு தன் சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஏறினதும் மொத டிக்கெட்ட என் மேலயே கிழிச்சிட்டான்" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. "தொடைக்கறது யாரு?"

"நான்தான்."

"நீங்களா?"

"ஏன், நான் தொடைக்க மாட்டேனா?"

குட்டி அதற்குள் நடு அறைப் பாயில் இரண்டாவது டிக்கெட்டையும் கிழித்திருந்தது. அப்பா ஒரு துணியைக் கீழே போட்டு, குனியாமல், காலாலேயே இப்படியும் அப்படியும் தள்ளினார். ஈரம் பாயிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து சுவருக்கும் பரவியது. அம்மா இடுப்பில் கை வைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"கொடுங்க இங்க. துணியப் புடிக்கற மொகரையப் பாரு."

சபதம் அங்கேயே முடிந்தது. கையுறைகள் போன குப்பை எப்போதோ போயிருந்ததால், மறுநாள் புதிதாக ஒரு ஜோடி வாங்கி வந்தாள்.

அப்பா தன் பழைய கண்டக்டர் விசிலை ஊதினால் அது எங்கிருந்தாலும் உருண்டு ஓடி வரும். அதனால் விசில் என்றே அதற்குப் பெயர் வந்தது. கறுப்பு உடம்பு, வயிற்றில் மட்டும் பால் கொட்டியது போல ஒரு திட்டு. நிற்கும்போது முன்கால்கள் ஒரு பக்கமும் பின்கால்கள் இன்னொரு பக்கமும் போகும்.

எங்கள் வீடு நீளவாக்கில் இருந்தது. முன்னறையில் அம்மா அப்பா, நடு அறையில் நான், பிறகு சமையலறை. அதை ஒட்டி ஒரு ஒடுங்கிய நடை. நடையின் கோடியில் கொல்லைக் கதவு. கழிப்பறை வீட்டுக்குள் இல்லை. கதவைத் திறந்து, கொல்லையைக் கடந்து போக வேண்டும். குளிரில் அந்தக் கதவின் தாழ்ப்பாள் இறுகிவிடும். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால்தான் திறக்கும். மனிதர்களுக்கே அந்தப் பதினைந்து அடி பெரிய பயணம். ஒன்றரை மாதக் குட்டிக்குக் கேட்க வேண்டுமா?

விசிலை வெளியே விட்டால், உறைந்த தரை அடிவயிற்றில் பட்டதும் துள்ளிக்கொண்டு எழும். ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி நடனம் ஆடும். வந்த வேலையை மறந்துவிட்டுக் கதவைப் பார்த்து முனகும். பாவமாக இருக்கிறதே என்று உள்ளே தூக்கி வந்தால், நடு அறை ஹீட்டர் பக்கத்தில், கதகதப்பான இடமாகப் பார்த்து, நிம்மதியாகப் போய்விடும்.

"அது மேல என்ன தப்பு? பனிக்கட்டி மேல உக்காருன்னா நீ உக்காருவியா?" என்றாள் அம்மா.

அவள் வார்டை நடத்திய மாதிரியே இதையும் நடத்தினாள். கழிப்பறைச் சுவரோரம், காற்று அடிக்காத மூலையில், இரண்டு சாக்கை மடித்துப் போட்டாள். காற்றுக்கு மறைவாக ஒரு பழைய பலகையைச் சாய்த்து வைத்தாள். அது நனைத்த துணியில் ஒரு துண்டைக் கிழித்துச் சாக்கின் மேல் வைத்தாள், வாசனை தெரியட்டும் என்று. என் கம்பளிக் காலுறை ஒன்றை முனை வெட்டி அதற்குச் சட்டையாக மாட்டினாள். தூங்கி எழுந்தால் ஒரு தடவை, தின்றால் ஒரு தடவை, விளையாடி ஓய்ந்தால் ஒரு தடவை. மூக்கைத் தரையில் வைத்து அது வட்டம் போட ஆரம்பித்தால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவாள். "வண்டி பொறப்படுது, கதவத் தொற!" என்று கத்துவாள். நானோ அப்பாவோ போய்த் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டுவோம்.

அது சாக்கில் போனால் ஒரு பிஸ்கட் துண்டு. உள்ளே போனால் ஒன்றும் இல்லை. திட்டு இல்லை, அடி இல்லை. துடைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

எதிர் வீட்டு எலக்ட்ரீஷியன் ஒரு நாள் வந்தபோது இதைப் பார்த்துவிட்டார். "என்னக்கா நீங்க, செல்லம் குடுக்கறீங்க. மூஞ்சியப் புடிச்சு அதுலயே ரெண்டு தேய் தேச்சுப் பாருங்க. பேப்பரச் சுருட்டி ஒரு போடு. மறுநாளே சரியாயிடும்."

அம்மா நிமிர்ந்தாள். அவள் குரல் உயர்ந்து நான் அதிகம் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"தம்பி, அடிச்சா அடக்கக் கத்துக்காது. ஒளிக்கத்தான் கத்துக்கும். கட்டிலுக்கு அடியில, கதவுக்குப் பின்னாடின்னு தேடிப் போயிடும். நான் எத்தன பேரப் பாத்திருக்கேன் தெரியுமா? நல்லா மீச வெச்ச ஆளு, நனைஞ்ச போர்வையச் சுருட்டித் தலகாணிக்குக் கீழ வெச்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி மேல பாத்துட்டுப் படுத்திருப்பாரு."

எலக்ட்ரீஷியன் டீயை மடமடவென்று குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்பா ஹீட்டர் பக்கம் திரும்பிக் கைகளைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

நாலாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் விசில் தானாகவே கொல்லைக் கதவுக்குப் போய் முன்காலால் பிறாண்டியது. அம்மா வாயில் விரலை வைத்து எங்களை அடக்கினாள். மெல்லக் கதவைத் திறந்தாள். அது நேராகச் சாக்குக்குப் போனது, உட்கார்ந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்தக் குளிரில், மூச்சில் புகை விட்டுக்கொண்டு, ஒரு நாய் ஒன்றுக்குப் போவதைப் பார்த்துக் கை தட்டினோம். அப்பா இரண்டு விசில் கொடுத்தார், ரைட் போகலாம் என்று. இவ்வளவு வருடம் கழித்தும் எங்கள் குடும்பத்தின் சந்தோஷமான நாள் எது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது அந்தப் பகல்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

அதற்குப் பிறகு பத்து நாள் வீடு உலர்ந்து கிடந்தது. பதினோராம் நாள் காலை நடையில், கொல்லைக் கதவுக்கு இரண்டடி முன்னால், தரை நனைந்திருந்தது.

"ஐயோ, மறுபடியுமா?" என்றேன் நான்.

"குட்டிதானே, விடு" என்றார் அப்பா. அவர் ஏற்கெனவே குளித்து, கால்சட்டை மாற்றி, சவரம் செய்து உட்கார்ந்திருந்தார்.

அம்மா வந்தாள். தரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணியை எடுத்துவந்து துடைத்தாள்.

மூன்று நாள் கழித்து மறுபடி. அதற்கு அடுத்த வாரம் இரண்டு தடவை. எப்போதும் விடியற்காலையில், எப்போதும் நடையில். அப்பா யாரும் பார்க்காதபோது விசிலுக்கு ஒரு முழு பிஸ்கட்டை நீட்டுவதைக் கண்டேன். இப்படிக் கெடுத்தால் அது எப்படித் திருந்தும் என்று எனக்கு எரிச்சல். நான் அப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் அவசரமாகக் கிளம்பும்போது அந்த ஈரத்தில் ஒரு தடவை கால் வைத்து வழுக்கியும் விழுந்தேன். அன்று கத்திவிட்டேன்.

"இது தேறாதும்மா. எங்க கடைக்கு வர்ற ஒருத்தர் நாய் வேணும்னு கேட்டுட்டு இருக்கார். குடுத்துடலாம்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "வேணாம்மா. அது பாவம். அது மேல ஒண்ணும் தப்பு இல்ல."

"பின்ன யார் மேல தப்பு?"

அம்மாதான் சட்டென்று, "குளிருடீ. குளிருக்கு வர்றதுதான். நீ கடைக்குக் கெளம்பு" என்றாள்.

விசில் சமையலறையில் ஒரு கூடையில் படுக்க வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். கட்டில் ஏறக் கூடாது. நான் திட்டியதற்கு மறுநாளோ அதற்கும் மறுநாளோ, படுக்கப் போகும்போது, அது கூடைக்குள் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. சத்தமில்லாமல் தூக்கிவந்து என் போர்வைக்குள் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். அது என் முழங்காலுக்குப் பின்னால் சுருண்டு, விடியும்வரை அசையவில்லை.

காலையில் நடையில் தாழ்ப்பாள் ஆடும் சத்தம் கேட்டு விழித்தேன். ஆட்டம் நின்றது. கதவு திறக்கவில்லை. பிறகு அம்மாவின் செருப்புச் சத்தம். பிறகு அவள் குரல், தேவைக்கு மேல் உரக்க:

"டேய் விசிலு! மறுபடியும் வேலையக் காட்டிட்டியா? இருடா, உன்ன என்ன பண்றேன் பாரு!"

விசில் என் போர்வைக்குள் இருந்தது. தன் பெயரைக் கேட்டுக் காதை நிமிர்த்தியது.

"விடு, குட்டிதானே" என்றது அப்பாவின் குரல். மிகவும் மெல்லிய குரல்.

"நீங்க போய் வெந்நீர்ல குளிங்க, தண்ணி காஞ்சிருக்கு. ஈரத்துல நிக்காதீங்க. நான் இத ஒரு நிமிஷத்துல தொடச்சிடறேன்."

குட்டி குரைக்கப் போகிறதோ என்று அதன் வாயைப் பொத்திக்கொண்டேன். அது விளையாட்டு என்று நினைத்து என் விரலை நக்கியது. நான் அசையாமல் படுத்திருந்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் வரும்வரை கதவைத் திறக்கவில்லை. முதல் நாள் அந்த ஈரத்தை அம்மா ஏன் அவ்வளவு நேரம் பார்த்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. முப்பத்தொரு வருடம் தரையைப் பார்த்தவளுக்கு நாய் எது, மனிதன் எது என்று தெரியாதா?

அதற்குப் பிறகு நான் விசிலைத் திட்டவில்லை. அம்மா என்ன செய்கிறாள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். கொல்லையில் ஒரு விளக்குப் போடச் சொன்னாள், குட்டிக்கு இருட்டில் சாக்கு தெரியவில்லையாம். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, ஒரு விரலால் தள்ளினால் திறக்கிற மாதிரி ஒரு கொக்கி மாட்டச் சொன்னாள், குட்டிக்கு அவசரம் என்றால் நேரமாகிவிடுகிறதாம். பிறகு அப்பாவிடம், "எனக்கு முட்டி வலி தாங்கலீங்க. காலைல நாலரைக்கு ஒரு தடவ, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ, நீங்கதான் குட்டியக் கூட்டிட்டுப் போகணும். அப்படியே நீங்களும் போயிட்டு வந்துடுங்க, எதுக்கு ரெண்டு தடவ குளிர்ல அலையணும்?" என்றாள். அம்மாவுக்கு முட்டி வலி என்று நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

டீக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். "நீங்க சாயங்காலம் டீ குடிக்கறதப் பாத்தா இதுவும் போய்த் தண்ணியக் குடிக்குது. ஆறு மணிக்கு மேல வேணாம்."

எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுகிற அப்பா, "அதுவும் சரிதான்" என்றார்.

கடைசியாக, மூடி போட்ட ஒரு எனாமல் பாத்திரத்தைக் கொண்டுவந்து நடையின் மூலையில் வைத்தாள். "குட்டிக்கு ரொம்ப முடியலன்னா" என்றாள். மூடியைத் திறந்து பாத்திரத்தில் போகிற நாய் உலகத்தில் எங்கே இருக்கிறது? ஆனால் மூன்று பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா பாத்திரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். விசில் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

நடை உலர்ந்தது. ஆனால் அப்பா மெலிந்துகொண்டே போனார். பஸ்ஸில் கூட ஏற மறுத்தார்; முப்பது வருடத்துக்கு மேல் பஸ்ஸிலேயே வாழ்ந்தவர், மூன்று நிறுத்தம் தள்ளி இருக்கிற அத்தை வீட்டுக்கு வரமாட்டேன் என்றார். ஒரு திங்கட்கிழமை அம்மா, "ஆஸ்பத்திரில ஒரு கையெழுத்து வாங்கணும், தொணைக்கு வாங்க" என்று அவரைக் கிளப்பினாள். போகும் வழியில் அவசரம் வந்தால் இறங்கி நிற்க வசதியாக, இரண்டு பஸ் மாறிப் போகிற மாதிரி வழியைத் தேர்ந்தெடுத்தாள்.

அங்கே நடந்ததை அப்பாவே எனக்குச் சொன்னார். நெடுநாள் கழித்து, சிரித்துக்கொண்டு சொன்னார். சீட்டு எழுதுகிற ஜன்னலிலிருந்து அம்மா திரும்பி வந்ததும், அவர் சீட்டை வாங்கிப் பார்த்திருக்கிறார்.

"இதுல என் பேருல்ல இருக்கு."

"ஆமா."

"எனக்கு என்ன?"

"விசில் எல்லாம் கத்துக்கிட்டு ரொம்ப நாளாச்சுங்க" என்றாளாம் அம்மா.

அப்பா அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நோயாளிகள் வந்தார்கள், போனார்கள். பிறகு, "எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார்.

"மொத நாளே."

"பின்ன ஏன் அதப் போட்டுத் திட்டின?"

"அதத் திட்டினா அதுக்கு என்ன, பிஸ்கட்டுதான் கெடைக்குது. உங்களக் கேட்டா நீங்க சாப்பாட்டையும் நிறுத்திடுவீங்க, பேச்சையும் நிறுத்திடுவீங்க." பிறகு அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, "வாங்க. இந்த டாக்டர் நம்ம வார்டுலதான் வேல கத்துக்கிட்டார். தையல் போடும்போது கை நடுங்கும், நான்தான் வெளக்கப் புடிச்சிட்டு நிப்பேன். உங்கள விட அதிகமா அவருதான் என்னப் பாத்துப் பயப்படுவார்" என்றாளாம்.

மூத்திரப் பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி வீங்கியிருக்கிறது, அந்த வயசில் பல பேருக்கு வருவதுதான், சின்ன அறுவை சிகிச்சை போதும் என்றார் டாக்டர். அப்பா ஏழாம் வார்டிலேயே படுத்தார். அம்மா முதல் தடவையாக அங்கே பார்வையாளராகப் போய், ஸ்டூலில் கை கட்டி உட்கார்ந்தாள். புது ஆயா போர்வை மாற்றும்போது அவள் கை துறுதுறுவென்று இருந்ததாம். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. "அது அந்தப் பொண்ணோட வேல. நான் பூந்தா அவளுக்கு மரியாத இல்ல" என்றாள்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், வீட்டில் அவளும் நானும் மட்டும் ஹீட்டரின் முன் உட்கார்ந்திருந்தபோது நான் சொன்னேன். "அம்மா, அன்னிக்கு நீ விசிலத் திட்டினப்ப அது எங்கிட்டதான் படுத்திருந்துச்சு."

"தெரியும்" என்றாள், ஒரு காலுறையைத் தைத்தபடி. "உன் போர்வ பூரா முடி. கூடை சில்லுனு கெடந்துச்சு. நீ வாயத் தொறக்காம இருந்தியே, அதுக்குத்தான் கட்டில்ல ஏத்தினதப் பத்தி ஒண்ணும் கேக்கல."

ஒன்பதாம் நாள் அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அதற்குள் குளிர் விட்டிருந்தது. கொல்லைத் தரையின் வெள்ளை போய், விரிசல்களில் பச்சையாக ஏதோ முளைத்திருந்தது. அன்று மாலை வெயிலில் ஒரு நாற்காலியைப் போட்டு அப்பாவை உட்கார வைத்தோம். முதல் தடவையாக அவர் இடுப்புப் பட்டை இல்லாமல், தொளதொளவென்று ஒரு பைஜாமாவில் இருந்தார். விசில் அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அதற்குப் பொழுதுபோக வேண்டும் என்று அவர் தன் பழைய தடத்தின் நிறுத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். பேக்கரி நிறுத்தம், பள்ளிக்கூட நிறுத்தம், பாலத்துக்கு இந்தப் பக்கம், பாலத்துக்கு அந்தப் பக்கம். அம்மா துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு நிறுத்தத்தை அவர் விட்டுவிட்டார்.

"தண்ணித் தொட்டி?" என்றாள் அம்மா.

"அங்க யாரும் எறங்க மாட்டாங்க" என்றார் அப்பா.

"நான் எறங்குவேனே. மொத மொதல்ல உங்க வண்டியில ஏறினப்ப அங்கதான் எறங்கினேன்."

அப்பா முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார்.